மண்டி மொஹல்லா கடையில் இமயமலைத் தேவதாரு

"தேவதாரு 50 கிராம்."

மைசூர் மண்டி மொஹல்லா பக்கம் உள்ள மருந்துச் சரக்குக் கடைகளில், இப்படி ஒரு வரி எழுதிய சீட்டோடு வந்து நிற்கும் பெண்களை இன்றும் பார்க்கலாம். வீட்டில் மகளோ மருமகளோ பிள்ளை பெற்றிருப்பாள். அல்லது பெரியவருக்கு மூட்டு வலியாக இருக்கும். வைத்தியர் எழுதிக் கொடுத்த கஷாயச் சீட்டில் சுக்கு, திப்பிலி, கடுக்காய், கோரைக்கிழங்கு என்று சரக்குகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே தேவதாருவும் இருக்கும்.

கடைக்காரர் ஒரு டப்பாவில் கையை விட்டுக் கொஞ்சம் மரச் சிராய்களை அள்ளித் தராசில் போடுவார். பொட்டலம் கட்டுவார். காசை வாங்கிக் கல்லாவில் போடுவார். வேலை முடிந்தது.

அந்தச் சிராய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சுக்கைப் பார்த்தால் சுக்கு என்று தெரியும். கடுக்காயைப் பார்த்தால் கடுக்காய் என்று தெரியும். மரச் சிராயைப் பார்த்து என்ன மரம் என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இமயமலையில் இருந்து வந்திருந்தால் அது உண்மையான தேவதாரு. தென்னாட்டு வறண்ட காட்டில் இருந்து வந்திருந்தால் அது வேறு மரம். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று!

மண்டி மொஹல்லா என்ற பெயரே கதை சொல்லும். மண்டி என்றால் மொத்த வியாபாரம் நடக்கும் இடம். மொஹல்லா என்பது பேட்டையைக் குறிக்கும் உருதுச் சொல். சயாஜி ராவ் ரோடு, இர்வின் ரோடு, அசோகா ரோடு என்று மைசூரின் பெரிய சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. தசரா யானை ஊர்வலம் அரண்மனையில் இருந்து பன்னிமண்டபத்துக்குப் போகும்போது இந்தப் பேட்டையை ஒட்டித்தான் போகிறது. கன்னடம், உருது, தமிழ் மூன்றும் ஒரே கடை வாசலில் காதில் விழும். "அண்ணா" என்று ஒருவர் கூப்பிடுவார். "பாய்" என்று இன்னொருவர் கூப்பிடுவார். இரண்டுக்கும் பதில் வரும்.

தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக் கடை என்கிறோமே, அதற்கு மைசூரில் 'கிரந்திகெ அங்கடி' என்று பெயர். பூஜைச் சாமானும் மருந்துச் சரக்கும் ஒரே கடையில் கிடைக்கும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வேண்டியதும் அங்கேதான், காரியம் நடக்கும் வீட்டுக்கு வேண்டியதும் அங்கேதான்.

தேவர்களின் மரம்

தேவதாரு என்றால் தேவர்களின் மரம் என்று பொருள். தாரு என்ற சொல்லுக்கு மரம், கட்டை என்று அர்த்தம். 'செட்ரஸ் தியோடரா' என்பது தாவர நூலார் வைத்துள்ள பெயர். தியோடரா என்பது நம் தேவதாருவேதான், ஆங்கிலேயர் வாயில் புகுந்து அப்படி வெளியே வந்திருக்கிறது.

இது ஊசி இலை மரம். ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். ஆப்கானிஸ்தான் கிழக்கு மலைகளில் தொடங்கி, பாகிஸ்தான், காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தரகாண்ட் வழியாக மேற்கு நேபாளம் வரை வளர்கிறது. சுமார் 5,000 அடியில் இருந்து 10,000 அடி உயரம் வரை உள்ள மலைச் சரிவுகள்தான் அதன் வீடு. மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. சாமுண்டி மலை உச்சியில் கொண்டு போய் நட்டாலும் தேவதாருவுக்கு அந்தக் குளிர் போதாது. அதற்குப் பனி பெய்ய வேண்டும்.

150 அடி உயரம் என்பது அதற்குச் சாதாரணம். கிளைகள் அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் விரியும், நுனி மட்டும் லேசாகத் தொங்கும். ஒரு குருத்தில் இருபது முப்பது ஊசி இலைகள் கொத்தாக இருக்கும். காய் பீப்பாய் வடிவத்தில் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முற்றினால் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு தேவதாரு மரத்தின் குறுக்கு வெட்டுத் துண்டைப் பார்க்கலாம். அந்த மரத்தின் வயது 700 ஆண்டுக்கு மேல். வளையங்களை எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். தஞ்சையில் சோழர் ஆட்சி முடிகிற காலத்தை ஒட்டி முளைத்த கன்று, ரெயில் வந்த பிறகும் உயிரோடு நின்றிருக்கிறது!

காளிதாசர் ரகுவம்சத்தில் இந்த மரத்தைப் பற்றி அழகான கதை ஒன்று வருகிறது. இமயமலைக் காட்டில் ஒரு தேவதாருக் கன்று. அதைச் சிவபெருமான் தம் பிள்ளையாகவே வரித்துக் கொண்டாராம். பார்வதி தேவி தண்ணீர் ஊற்றி வளர்த்தாராம். ஒரு நாள் காட்டு யானை ஒன்று உடம்பைத் தேய்த்து மரப்பட்டையை உரித்துவிட்டது. முருகனுக்கு அடிபட்டால் எப்படித் துடிப்பாரோ அப்படித் துடித்தாராம் அம்மை. அன்று முதல் அந்த மரத்துக்கு ஒரு சிங்கம் காவல்! பசுவைக் காக்கப் போன திலீப மகாராஜா அந்தச் சிங்கத்தைத்தான் அங்கே சந்திக்கிறார்.

தமிழர்களுக்கு வேறொரு வழியிலும் இந்த மரம் பழக்கம். பிட்சாடனராகச் சிவன் வந்த தாருகாவனத்து முனிவர் கதை தெரியாதவர் உண்டா? தேவதாரு மரங்கள் அடர்ந்த வனம் என்பதால்தான் அந்தப் பெயர். புராணங்களில் தேவதாரு வனம் என்றே வருகிறது. தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள வழுவூரைத் தாருகாவனம் என்று சொல்வார்கள். காவிரிக் கரையில் தேவதாரு எப்படி வளர்ந்தது என்று கேட்கக்கூடாது. கதை தெற்கே வந்தது, மரம் வரவில்லை.

மணாலியில் உள்ள இடும்பி கோவில் 1553 ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதைச் சுற்றி நிற்பவை தேவதாரு மரங்கள்தான். அல்மோராவுக்கு அருகே ஜாகேஸ்வரர் கோவில்களும் தேவதாருத் தோப்புக்குள் இருக்கின்றன. பாகிஸ்தானின் தேசிய மரமும் இதுதான், இமாசலப் பிரதேசத்தின் மாநில மரமும் இதுதான்.

ரெயில் தின்ற காடு

தெய்வ மரம் என்று கும்பிட்டவர்கள் அதை வெட்டாமலும் இல்லை. காரணம், அது சாமானியத்தில் மக்காது. கரையானும் எளிதில் தொடாது.

ஸ்ரீநகரில் உள்ள ஜாமியா மசூதியைத் தாங்கி நிற்பவை 370க்கும் மேற்பட்ட தேவதாருத் தூண்கள். ஜீலம் நதியின் பழைய மரப் பாலங்களும் இந்த மரத்தால் ஆனவை. தால் ஏரியில் மிதக்கும் படகு வீடுகளுக்கும் இதே பலகைதான். தண்ணீரிலேயே கிடந்தாலும் பல காலம் தாங்கும்.

இந்தக் குணமே அதற்கு எமனாக வந்தது.

1853 ஆம் ஆண்டு இந்தியாவில் ரெயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரக்கட்டை வேண்டும். ஒரு மைல் தூரத்துக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள்! மழையிலும் வெயிலிலும் மருந்து பூசாமல் தாங்கக் கூடியவை என்று அன்றைய என்ஜினீயர்கள் நம்பிய மரங்கள் மூன்றுதான்: தேக்கு, சால், தேவதாரு. வட இந்தியாவில் பாதை போட்டவர்களின் கண் இமயமலை மீது விழுந்தது.

பிரடெரிக் வில்சன் என்ற ஆங்கிலேயர் கங்கோத்ரி செல்லும் வழியில் ஹர்சில் என்ற ஊரில் தங்கி, தெஹ்ரி ராஜாவிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்தார். தேவதாருவை வெட்டிப் பாகீரதி ஆற்றில் உருட்டி விடுவார். கட்டைகள் மிதந்து கீழே வரும். இதில் அவர் குவித்த செல்வம் கொஞ்சமல்ல. மலை மக்கள் அவரைப் 'பஹாடி வில்சன்' என்று அழைத்தார்கள்.

வில்சன் செய்ததைச் சர்க்கார் பெரிய அளவில் செய்தது. 1864 ஆம் ஆண்டு வன இலாகா ஏற்பட்டது. ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ் அதன் முதல் தலைவர். அதே ஆண்டில் சம்பா, பஷஹர் சமஸ்தானங்களின் காடுகளும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்குப் போயின. செனாப், ராவி, சட்லெஜ், யமுனை என்று எல்லா ஆறுகளிலும் கட்டைகள் மிதந்தன. தேவதாரு வெட்டும் அளவுக்கு முதிர 100 ஆண்டுக்கு மேல் ஆகும். வெட்டுவதற்கு ஒரு நாள் போதும்.

பிள்ளை பெற்றவளுக்கு மருந்து

மரத்தின் பலம் எல்லாம் அதன் எண்ணெயில் இருக்கிறது. வெளிப்புற வெள்ளைக் கட்டையில் அது குறைவு. நடுவில் உள்ள வைரக் கட்டையில்தான் நிறைய. 100 கிலோ கட்டையைத் தூளாக்கி நீராவியில் வடித்தால் 2 முதல் 3 கிலோ எண்ணெய் கிடைக்கும். வாசனைத் திரவியம், சோப்பு செய்கிறவர்களுக்கு அது வேண்டும். அகர்பத்திக்குப் பெயர் போன மைசூருக்கு இந்த மணம் புதிதல்ல.

மலை ஊர்களில் வேறொரு எண்ணெயும் எடுப்பார்கள். கட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டு வடிக்கும் கருப்பு எண்ணெய் அது. 'கேலோன் தைலம்' என்று பெயர். ஆடு மாடுகளுக்குச் சொறி வந்தாலும், ஒட்டகத்துக்குத் தோல் நோய் வந்தாலும் அதைத்தான் பூசுவார்கள். தானியம் போட்டு வைக்கத் தேவதாருப் பெட்டி செய்து கொள்வதும் அந்தப் பக்கத்து வழக்கம். பூச்சி வராது.

இந்த எண்ணெயில் உள்ள பொருள்களை 1960களில் புனே தேசிய ரசாயன ஆய்வுக் கூடத்தில் சுக் தேவ் குழுவினர் பிரித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் முக்கியமானதற்கு 'ஹிமாசலீன்' என்று பெயர். ரசாயன நூலிலும் இமயமலை ஏறிவிட்டது!

ஆயுர்வேதத்தில் தேவதாரு இல்லாத வாத மருந்து குறைவு என்றே சொல்லலாம். கை கால் பிடிப்புக்குத் தேய்க்கிற கொட்டம்சுக்காதித் தைலம் தென்னாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. கோஷ்டம், சுக்கு, வசம்பு, பூண்டு, முருங்கை இவற்றோடு தேவதாருவும் அதில் சேர்கிறது. மூட்டு வலிக்குக் கொடுக்கும் ராஸ்னாதிக் கஷாயங்களிலும் உண்டு. சித்த வைத்தியர்களும் காய்ச்சல், மூக்கடைப்பு, பீனிசம் என்று பலவற்றுக்கு இதைச் சேர்க்கிறார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் கஷாயம். அதன் பெயரே தேவதார்வாதிக் கஷாயம். முதல் சரக்கே தேவதாருதான். அதனால்தான் கஷாயத்துக்கும் அந்தப் பெயர். வசம்பு, கோஷ்டம், திப்பிலி, சுக்கு, கோரைக்கிழங்கு, கொத்தமல்லி, கடுக்காய் என்று சுமார் 20 சரக்குகள் பின்னால் வருகின்றன. இருபதில் ஒன்று மாறினால் பரவாயில்லை என்று யாராவது நினைக்கலாம். ஆனால் தலைச் சரக்கே மாறிவிட்டால் அதைத் தேவதார்வாதி என்று எப்படிச் சொல்வது?

பச்சை உடம்புக்காரி குடிக்கிற மருந்து அது. தாய் குடிப்பது பால் வழியே குழந்தைக்கும் போகும். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் பாட்டி சொன்ன கஷாயத்தைத் தானாகக் காய்ச்சிக் கொடுப்பது சரியல்ல. படித்த வைத்தியரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் இருப்பது என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெற்கத்தித் தேவதாரம்

இப்போது அந்த இன்னொரு மரத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் மழை குறைந்த மலையடிவாரங்களில், முட்புதர்களுக்கு நடுவே ஒரு குட்டை மரம் வளர்கிறது. பத்துப் பதினைந்து அடி உயரம் இருக்கும். ஊசி இலை கிடையாது, சாதாரண இலைதான். சிறிய வெள்ளைப் பூ பூக்கும். சிவப்பாகச் சிறு பழம் பழுக்கும். தமிழில் இதற்குச் செம்புளிச்சான் என்று ஒரு பெயர். தேவதாரம் என்று இன்னொரு பெயர். கன்னடம், தெலுங்கிலும் தேவதாரி, தேவதாரு என்று சொல்வது உண்டு. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இருக்கிறது. தாவர நூல்களில் 'எரித்ராக்சிலம் மோனோகைனம்'.

இமயமலை மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. தென் அமெரிக்காவில் கோக்கா என்ற செடி இருக்கிறதே, கோக்கெய்ன் எடுக்கும் செடி, அதன் இனத்தைச் சேர்ந்தது இந்த மரம். பயப்பட வேண்டாம். போதைக்கு இதை யாரும் பயன்படுத்துவதில்லை.

இதற்கு ஏன் தேவர்களின் பெயர் வந்தது? அதன் வைரக் கட்டைக்கு நல்ல மணம் உண்டு. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இமயமலை மரத்தைக் கண்ணால் கண்டிராத தென்னாட்டு வைத்தியர், மணக்கும் ஒரு கட்டை பக்கத்துக் காட்டிலேயே கிடைத்ததும் இதுதான் நூலில் சொன்ன மரம் என்று எடுத்துக் கொண்டிருக்கலாம். பெயர் வைப்பதில் நம் நாட்டில் இது சகஜம். வங்காளத்தில் தேவதாரு என்று நெட்டிலிங்க மரத்தைச் சொல்கிறார்கள்! நம் ஊரில் பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கிறதே, அசோக மரம் என்று தவறாகச் சொல்கிறோமே, அதே மரம்தான்.

செம்புளிச்சான் கட்டைக்கு மைசூரோடு தனி உறவு உண்டு. மைசூர் என்றால் சந்தனம். திப்பு சுல்தான் 1792 ஆம் ஆண்டு சந்தனத்தை ராஜ மரமாக அறிவித்தார். குடியானவன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசுக்குத்தான் சொந்தமாக இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனிக்குக் கட்டை அனுப்ப முடியாமல் போகவே, மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெயைத் தானே வடிக்கத் தொடங்கியது. இன்று மைசூர் சந்தன சோப்பைத் தெரியாதவர் இல்லை.

அவ்வளவு சந்தனம் விளைந்த ஊரில் ஏழைக்கு அது எட்டியதா? அந்தக் காலத்து ஆங்கிலேயரின் தாவர நூல்கள் ஒரு சேதியைக் குறித்து வைத்திருக்கின்றன. செம்புளிச்சான் கட்டை நல்ல மணமுடையது என்றும், மைசூர்வாசிகள் அதைச் சந்தனத்துக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் அவற்றில் காண்கிறது. 'போலிச் சந்தனம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரும் இதற்கு உண்டு. ஆக, வடக்கே ஒரு மரத்துக்கும் தெற்கே ஒரு மரத்துக்கும் பதிலியாக நின்ற மரம் இது. தன் பெயரில் நிற்கத்தான் அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை!

பஞ்சத்தில் தின்ற இலை

ஒரு முறை அது தன் பெயரிலேயே உதவியது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ராகியும் இல்லை, சோளமும் இல்லை. அப்போது காட்டுப் பக்கத்து ஏழை மக்கள் செம்புளிச்சான் இலையைப் பறித்து வேகவைத்துத் தின்றார்கள். அன்றைய மருத்துவ அதிகாரிகள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கோக்கா இலையைப் போல இதுவும் பசியை மந்தமாக்குகிறதோ என்ற சந்தேகம்கூட அவர்களுக்கு வந்தது.

இதன் கட்டையையும் பட்டையையும் ஊறவைத்த நீர் அஜீரணத்துக்கும் காய்ச்சலுக்கும் நீர்க்கோவைக்கும் நாட்டு மருந்தாக வழங்கியிருக்கிறது. கட்டையைச் சுட்டு எடுத்த தாரைப் படகு மரங்களில் பூசினார்கள். எனவே இது ஒன்றுக்கும் உதவாத மரம் அல்ல. இதற்கென்று தனி குணம் இருக்கிறது. தேவதார்வாதிக் கஷாயத்தில் சொன்ன குணம் அதுவல்ல, அவ்வளவுதான்.

ஏமாற்றா, பழக்கமா?

தென்னாட்டுக் கடைகளில் தேவதாரு என்று கேட்டால் செம்புளிச்சான் கட்டை கிடைப்பதும் உண்டு என்பது மருந்துச் சரக்குகளைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்லும் விஷயம்.

இதைக் கலப்படம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. தேவதாரம் என்று கேட்டவனுக்குத் தேவதாரம் என்ற பெயருடைய கட்டையைத்தானே கொடுத்தேன் என்று வியாபாரி சொன்னால், அதில் பாதி நியாயம் இருக்கிறது. அப்பா காலத்தில் இருந்து அந்த டப்பாவில் அந்தக் கட்டைதான். வாங்கி அனுப்புகிறவரும் அப்படியே அனுப்புகிறார்.

மீதிப் பாதி நியாயம் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துத் தர நூல் தேவதாரு என்றால் செட்ரஸ் தியோடராவின் வைரக் கட்டை என்று தெளிவாகச் சொல்கிறது. மருந்து தயாரிக்கும் கம்பெனிகள் சரக்கைச் சோதித்து வாங்க வேண்டும். கடையில் கட்டும் 50 கிராம் பொட்டலத்துக்கு அப்படிப்பட்ட சோதனை நடைமுறையில் கிடையாது. கடைக்காரரின் கண்ணும் மூக்கும்தான் சோதனைக் கூடம்.

இதைவிட மோசம், விஷயம் தெரிந்தே செய்யும் மாற்று. இமயமலையிலேயே வளரும் சரளம் என்ற பைன் மரம் மலிவானது. அதன் சிராயும் வெளிர் மஞ்சள்தான். தேவதாருவோடு அதைக் கலந்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. இதற்குப் பழக்கம் என்று சமாதானம் சொல்ல முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வழி இருக்கிறது. முதலில், பொடியாக வாங்கக்கூடாது. பொடித்துவிட்டால் எல்லா மரமும் ஒன்றுதான். சிறு கட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டையின் குறுக்கு வெட்டைப் பார்த்தால் தேவதாருவில் ஆண்டு வளையங்கள் பளிச்சென்று தெரியும். வெளிறிய பட்டை ஒன்று, கருத்த கோடு ஒன்று என்று மாறி மாறி வரும். கோடையில் வளர்ந்து பனியில் தூங்கும் மரம் அல்லவா! செம்புளிச்சான் கட்டையில் அப்படி வரி தெரியாது. நெருக்கமாக, வழவழப்பாக இருக்கும்.

நிறமும் வேறு. தேவதாரு வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. செம்புளிச்சான் வைரக் கட்டை கருஞ்சிவப்புப் பழுப்பு.

எடையும் காட்டிக் கொடுக்கும். தேவதாரு லேசான மரம். ஆற்றில் மிதந்துதான் அது சமவெளிக்கு வந்தது என்று பார்த்தோம். தண்ணீர்க் குவளையில் போட்டால் ஜம்மென்று மிதக்கும். செம்புளிச்சான் கட்டை இரும்பு போலக் கனக்கும், கத்திக்கும் எளிதில் மசியாது.

மணத்தில்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். தேவதாருவைச் சீவி முகர்ந்தால் பிசினும் எண்ணெயும் கலந்த காரமான வாசனை வரும். சந்தனச் சாயல் தெரிந்தால் தெற்கத்திக் கட்டையோ என்று சந்தேகப்படலாம். டர்ப்பன்டைன் நெடி அடித்தால் பைன் மரமாக இருக்கலாம். பைன் கட்டைக்கும் வளையம் தெரியும், அதுவும் மிதக்கும் என்பதால் அதைப் பிடிக்க மூக்குதான் கதி.

பூதக்கண்ணாடியை விடப் பெரிய கருவி இருந்தால் சந்தேகமே இல்லை. ஊசி இலை மரங்களின் கட்டையில் நீர் ஏறும் பெரிய துளைகள் கிடையாது. மற்ற மரங்களில் உண்டு. மைக்ராஸ்கோப் அடியில் வைத்தால் பொடியிலும் இது தெரிந்துவிடும். தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கே தெரிந்த பாடம் இது.

மைசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1908 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு ஆயுர்வேதக் கல்லூரி, சயாஜி ராவ் ரோடும் இர்வின் ரோடும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. மண்டி மொஹல்லாவில் இருந்து நடந்தே போய்விடலாம். அதன் ஆஸ்பத்திரியை வைத்து அந்தச் சந்திப்புக்கே 'ஆயுர்வேத ஆஸ்பத்திரி சர்க்கிள்' என்று பெயர் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் கட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு போய் அங்குள்ள டாக்டர்களிடம் காட்டிக் கேட்கலாம். பொட்டலத்தை மட்டும் அடுப்பில் ஏற்றிவிட்டு அப்புறம் போய்க் கேட்டுப் பயன் இல்லை.

கூடலூர் வழக்கு

உண்மையான தேவதாரு அருகிப் போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். அந்தச் சட்டக் கதை தொடங்கியது மைசூருக்குப் பக்கத்திலேதான் என்பது பலருக்குத் தெரியாது.

1973 இல் கர்வால் மலையில் சிப்கோ இயக்கம் தொடங்கியது. மரத்தைக் கட்டிப்பிடித்துக் கொண்டு பெண்கள் கோடாலிக்காரர்களைத் தடுத்தார்கள். 1981 இல் அந்த மலைகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது.

பிறகு 1995 ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடு அழிவதைக் கண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மைசூரில் இருந்து ஊட்டி போகிறவர்கள் பலரும் தாண்டிப் போகும் அதே கூடலூர்! 1996 டிசம்பர் 12 ஆம் தேதி கோர்ட்டு போட்ட உத்தரவு நீலகிரியோடு நிற்கவில்லை. நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. இமாசலம், காஷ்மீர் காடுகளுக்கும் தனியாக விதி சொல்லப்பட்டது. கூடலூர் ஈட்டி மரத்துக்காகத் தட்டிய கதவு இமயமலைத் தேவதாருவுக்கும் திறந்தது.

இமாசலத்தில் இன்றும் வீடு கட்ட உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை விலையில் மரம் ஒதுக்கும் உரிமை உண்டு. மற்றபடி பட்ட மரமும் விழுந்த மரமும் வனக் கழகத்தின் மூலம்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வருகின்றன. மரம் அறுக்கும்போது மிஞ்சும் துண்டு, வேரடிக் கட்டை இவைதான் எண்ணெய்க்கும் மருந்துக்கும் போகும். அறுவை குறைந்தால் மிச்சமும் குறையும். டெல்லி காரி பாவ்லி, அமிர்தசரஸ் மஜீத் மண்டி போன்ற மருந்துச் சரக்குச் சந்தைகளைத் தாண்டி, 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து சேர்வதற்குள் அதற்கு விலை ஏறிவிடும். பக்கத்துக் காட்டுக் கட்டை அந்த இடத்தைப் பிடித்துக் கொள்வதில் ஆச்சரியம் என்ன?

ஒன்று செய்யலாம். கடைக்காரரிடம் "பாய், தெற்கத்திக் கட்டை வேண்டாம், மலைத் தேவதாருதான் வேண்டும், கட்டையாகவே கொடுங்கள்" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நாலு பேர் இப்படிக் கேட்டால் ஐந்தாவது ஆள் வரும்போது அவரே இரண்டு டப்பா வைப்பார். பேட்டை வியாபாரிக்குச் சரக்கின் பேதம் தெரியாமல் இருக்காது. கேட்கிறவருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

வாங்கி வந்த கட்டையை முழுசாகவே வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் சீவி இடித்துக் கொள்வது நல்லது. இடித்து வைத்தால் எண்ணெய் ஆவியாகிவிடும். கஷாயத்துக்குப் போக மீந்த துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். துணியில் முடிந்து பட்டுப்புடவைப் பெட்டியில் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. மணம் குறைந்துவிட்டது என்று தோன்றினால் மேலே லேசாகச் சீவிவிட வேண்டும், மறுபடி மணக்கும்.